இஸ்லாத்தில் பிற மதத்தவரின் உரிமை: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டாது. கிண்ணியா, மூதூர் பக்கம் முஸ்லிம்கள் அதிகம். நகரத்தில் தமிழர்கள், கோமரங்கடவல, சேருவில பக்கம் சிங்களவர்கள். பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் பெரும்பான்மை சிறுபான்மையாகிவிடும். அதனால் "உங்கள் மார்க்கத்தில் எங்களுக்கு என்ன இடம்?" என்ற கேள்வி இங்கே புத்தகக் கேள்வியாக இருப்பதில்லை. ஆசிரியர் அறையிலும் தேநீர்க் கடையிலும் வெளிநாடு போகப் பெட்டி கட்டும் வீட்டிலும் அது வந்துவிடும்.

நான் மௌலவி அல்ல. கிண்ணியாவில் ஷாபிஈ மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகள் நான்கில் ஒன்று) வளர்ந்து, கொஞ்சம் படித்த ஒரு முஸ்லிம். கீழே உள்ள கேள்விகளில் பாதி இந்து, கிறிஸ்தவக் கூட்டாளிகள் கேட்டவை. மீதி எங்கள் பிள்ளைகளே கேட்டவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இஸ்லாம் பிற மதத்தவருக்கு உரிமை தருகிறதா, இல்லையா?

உயிர், சொத்து, வழிபாடு ஆகியவற்றுக்குப் பாதுகாப்புத் தருகிறது. உடன்படிக்கையின் கீழ் வாழும் பிற மதத்தவரைக் கொன்றவன் சுவர்க்கத்தின் வாடையைக்கூட நுகர மாட்டான் என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி தொகுப்பில் இருக்கிறது. இந்த அடிப்படையில் பழைய அறிஞர்களுக்குள் தகராறு இல்லை.

சமத்துவம் தருகிறதா என்று கேட்டால் பதில் வேறு. 8ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு எழுதப்பட்ட சட்ட நூல்களில் முஸ்லிமும் முஸ்லிமல்லாதவரும் சமமான குடிமக்கள் அல்ல. வரி வேறு. முஸ்லிமுக்கு எதிராக முஸ்லிமல்லாதவர் சொல்லும் சாட்சியம் பொதுவாக ஏற்கப்படாது. கொலைக்கான நட்டஈட்டுத் தொகைகூட வேறு. ஹனபி மத்ஹபில் அது சமம், எங்கள் ஷாபிஈ நூல்களில் யூதர், கிறிஸ்தவருக்கு மூன்றில் ஒன்று. இதை மறைத்துவிட்டு "இஸ்லாம் அனைவரையும் சமமாக நடத்தியது" என்று மேடையில் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பாவைவிடப் பல இடங்களில் இது மேலாக இருந்தது என்பது உண்மை. 1492இல் ஸ்பெயின் துரத்திய யூதர்களை உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் தன் நாட்டில் ஏற்றுக்கொண்டார். ஆனால் இன்று ஒரு மனிதன் கேட்பது சகிப்பை அல்ல, சம உரிமையை.

குர்ஆனும் நபிவழியும் ஒன்று. பிற்காலச் சட்ட நூல்கள் இன்னொன்று. இன்றைய அரசுகள் செய்வது மூன்றாவது. வாக்குவாதங்களில் பாதி, ஒருவர் முதலாவதைப் பேச மற்றவர் மூன்றாவதைப் பேசுவதால் வருபவை.

"மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்ற வசனம் வெறும் அலங்காரமா?

இல்லை. குர்ஆன் 2:256. இந்த வசனம் எப்போது வந்தது என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொன்னதாக அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. மதீனாவில் இஸ்லாத்துக்கு முன், குழந்தை தங்காத பெண்கள், பிள்ளை பிழைத்தால் யூதனாக வளர்ப்பதாக நேர்ந்துகொள்வார்கள். பின்னால் பனூ நளீர் என்ற யூதக் குலம் வெளியேற்றப்பட்டபோது, அவர்களோடு வளர்ந்த தங்கள் பிள்ளைகளை விடமாட்டோம் என்று முஸ்லிம் பெற்றோர் மறித்தார்கள். அப்போதுதான் வசனம் வந்தது. அதாவது, பெற்ற தாய் தகப்பனுக்குக்கூடப் பிள்ளையை மதத்துக்குள் இழுக்க அனுமதி இல்லை.

இதோடு 10:99ஐயும் வைத்துப் படியுங்கள். இறைவன் நாடியிருந்தால் பூமியில் உள்ள எல்லோரும் விசுவாசிகளாகியிருப்பார்கள், அப்படியிருக்க நீர் மனிதரைக் கட்டாயப்படுத்துவீரா என்று நபியிடமே கேட்கிறது. 22:40 மடங்களையும் தேவாலயங்களையும் யூத ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் ஒரே வரிசையில் வைத்து, அவை இடிக்கப்படாமல் காக்கப்பட வேண்டியவை என்கிறது.

மதீனா உடன்படிக்கையைப் பற்றி நிறையச் சொல்கிறீர்கள். அது நீடித்ததா?

622இல் நபி (ஸல்) மதீனாவுக்கு வந்த பிறகு எழுதப்பட்ட ஆவணம் அது. யூதர்களுக்கு அவர்களின் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்களின் மார்க்கம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நகரத்தைத் தாக்க வருபவரை இரு தரப்பும் சேர்ந்து தடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

பெரிய யூதக் குலங்களோடு அது நீடிக்கவில்லை. பனூ கைனுகாவும் பனூ நளீரும் வெளியேற்றப்பட்டார்கள். பனூ குறைழாவின் ஆண்கள் கொல்லப்பட்டார்கள். முற்றுகைப் போரின் நடுவே எதிரியோடு சேர்ந்தார்கள் என்பதே காரணமாக எங்கள் வரலாற்று நூல்கள் சொல்வது. அவற்றைப் படிக்காமல் உடன்படிக்கையை மட்டும் படிப்பவர்கள் யாராவது இதைக் கேட்கும்போது தடுமாறிப்போகிறார்கள். குலங்களோடு போர் நடந்தது, ஆனால் யூதர் என்பதற்காக எல்லோரும் துரத்தப்படவில்லை. நபி மறைந்தபோது அவரது போர்க் கவசம் ஒரு யூதரிடம் வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது. இதுவும் புகாரியில்தான். கடைசி நாள்வரை யூதர்களோடு கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது.

நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்தபோது நபியின் பள்ளிவாசலுக்குள்ளேயே தங்கள் முறைப்படி தொழுததாக நபியின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக் சொல்கிறார். இன்று எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் எந்த நிர்வாக சபை இதற்கு அனுமதி கொடுக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஜிஸ்யா என்பது மதத்துக்காக வாங்கும் தண்டம்தானே?

முஸ்லிம் ஆட்சியில் பிற மதத்தவர் கட்டும், குர்ஆன் 9:29இல் வரும் வரி அது. உழைக்கக்கூடிய, போருக்குப் போகக்கூடிய வயது வந்த ஆண்களிடம் மட்டும் வாங்கப்பட்டது. பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள், வசதியற்றவர்கள், துறவிகளுக்கு விலக்கு. ஹனபிச் சட்டத்தில் வருடத்துக்கு ஏழை உழைப்பாளிக்கு 12, நடுத்தரத்துக்கு 24, பணக்காரருக்கு 48 திர்ஹம். முஸ்லிம் ஸகாத் என்ற கட்டாயக் கொடை கொடுப்பார், படைக்குப் போவார். ஜிஸ்யா கொடுப்பவருக்கு இரண்டும் இல்லை, பாதுகாப்பு உண்டு. இது அப்போதைய கணக்கு. 636இல் யர்மூக் போருக்கு முன், ஹிம்ஸ் நகர மக்களைக் காக்க முடியாது என்று தெரிந்தவுடன் வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதுகிறார். யூத முதியவர் ஒருவர் பிச்சை எடுப்பதைக் கண்ட கலீபா உமர் (ரழி), இளமையில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்று பொதுக் கருவூலத்திலிருந்து உதவி கொடுத்ததாக ஹனபி அறிஞர் அபூயூஸுப் பதிந்திருக்கிறார்.

அது இனிமையான பக்கம். வரி கட்டுபவரை நிற்கவைத்து, குனியவைத்து, அவமதித்து வாங்க வேண்டும் என்று எழுதிய சட்ட அறிஞர்களும் இருந்தார்கள். ஷாபிஈ மத்ஹபின் பெரிய அறிஞர் இமாம் நவவி (மறைவு 1277) இதைக் கடுமையாக மறுத்தார். நபியோ ஆரம்பக் கலீபாக்களோ இப்படிச் செய்ததற்கு ஆதாரமே இல்லை, இது தவறான புதுமை என்றார். ஆனால் அவர் மறுக்க வேண்டியிருந்தது என்பதே நிலைமை எப்படி இருந்தது என்று காட்டுகிறது.

இந்தியாவில் அக்பர் 1564இல் ஜிஸ்யாவை நீக்கினார், ஔரங்கசீப் 1679இல் திரும்பக் கொண்டுவந்தார். உஸ்மானியர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கைவிட்டு, 1856இல் எல்லாக் குடிமக்களும் சமம் என்று அறிவித்தார்கள். இன்று எந்த நாட்டு அரசின் வரிச் சட்டத்திலும் அது இல்லை. 2014இல் மோசூலில் கிறிஸ்தவர்களிடம் அதைக் கேட்டது ஐ.எஸ். கும்பல்தான்.

கிறிஸ்தவரும் யூதரும் சரி, வேதம் உள்ளவர்கள். கோயிலில் விக்கிரகம் வைத்துக் கும்பிடும் எங்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டா?

இந்துக் கூட்டாளிகள் கேட்பவற்றில் எனக்கு மிகவும் கடினமான கேள்வி இதுதான். மழுப்பாமல் சொன்னால், எங்கள் இமாம் ஷாபிஈயின் கருத்துப்படி ஜிஸ்யா உடன்படிக்கையும் அதோடு வரும் நிரந்தரப் பாதுகாப்பும் யூதர், கிறிஸ்தவர், பார்சிகளின் முன்னோரான மஜூஸிகள் ஆகியோருக்கு மட்டும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபிஈகள். அப்படியானால் அந்த நூலின்படி பக்கத்து வீட்டு இந்து எங்கே நிற்கிறார்?

மற்ற மத்ஹபுகள் இங்கே வழி விட்டன. இமாம் மாலிக் எல்லா மதத்தவருக்கும் உண்டு என்றார். இமாம் அபூஹனீபா, அரபு நாட்டு விக்கிரக வணக்கத்தவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் உண்டு என்றார். இந்தக் கருத்து உருவாவதற்கு முன்பே நடைமுறை வந்துவிட்டது. 712 வாக்கில் சிந்துவைக் கைப்பற்றிய முஹம்மத் பின் காஸிம், அங்குள்ள ஆலயங்கள் கிறிஸ்தவரின் தேவாலயங்களையும் யூதரின் ஆலயங்களையும் மஜூஸிகளின் தீக்கோயில்களையும் போன்றவையே என்று சொல்லி விட்டுவிட்டார். இந்துக்களும் பௌத்தர்களும் பாதுகாப்புக்கு உட்பட்டவர்களானார்கள். பிற்பாடு வந்த டில்லி, தக்காண ஆட்சிகளில் ஷாபிஈ கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட நாட்டை நடத்தியிருக்க முடியாது.

இன்னொரு விடயம். ஜிஸ்யா, திம்மி (பாதுகாப்புக்கு உட்பட்ட பிற மதத்தவர்) என்ற ஏற்பாடெல்லாம் முஸ்லிம் அரசு இருக்கும் இடத்துக்கு. இலங்கையில் முஸ்லிமும் இந்துவும் ஒரே அரசியலமைப்பின் கீழ் வாழும் குடிமக்கள். இங்கே எங்களுக்குப் பொருந்தும் வசனம் 60:8. உங்களோடு மதத்துக்காகப் போர் செய்யாத, உங்களை வீட்டை விட்டுத் துரத்தாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை. இதில் வேதக்காரர், வேதமற்றவர் என்ற பிரிப்பே கிடையாது. மக்காவின் விக்கிரக வணக்கத்தவரைச் சுற்றி இறங்கிய வசனம் அது.

புதிதாகக் கோயிலோ தேவாலயமோ கட்ட விடுவார்களா?

பழைய சட்டம்: ஏற்கனவே உள்ளதை உடன்படிக்கைப்படி விட்டுவைக்கலாம், முஸ்லிம்கள் உருவாக்கிய நகரங்களில் புதிதாகக் கட்டக்கூடாது. உமரின் நிபந்தனைகள் என்ற பெயரில் சுற்றும் பட்டியல் இதைவிடக் கடுமையானது. உடுப்பில் வித்தியாசம், சேணத்தோடு குதிரை ஏறத் தடை, சிலுவையை வெளியே காட்டத் தடை. அது கலீபா உமருக்குப் பின்னால் தொகுக்கப்பட்டது என்பதே பல வரலாற்றாசிரியர்களின் முடிவு. ஜெருசலேம் மக்களுக்கு அவர் கொடுத்ததாகப் பதிவான உறுதிமொழியின் தொனி இதற்கு நேர் எதிர். அவர்களின் தேவாலயங்களில் யாரும் குடியேறக்கூடாது, இடிக்கக்கூடாது.

8ஆம் நூற்றாண்டு எகிப்தில் இடிக்கப்பட்ட தேவாலயங்களைத் திரும்பக் கட்டலாமா என்று கேட்டபோது, அப்போதைய பெரிய சட்ட அறிஞர் லைத் பின் ஸஅத், கட்டுவது நாட்டின் செழிப்பில் சேர்ந்தது, எகிப்தில் உள்ள தேவாலயங்கள் இஸ்லாம் வந்த பிறகு கட்டப்பட்டவைதானே என்றார். அதே எகிப்தில் 20ஆம் நூற்றாண்டில் ஒரு தேவாலயம் கட்ட அனுமதி எடுப்பது பெரும் பாடாகிவிட்டது. 2016இல் தனிச் சட்டம் வந்தும் புகார்கள் ஓயவில்லை. பள்ளிவாசலுக்கு ஒரு நடைமுறை, தேவாலயத்துக்கு ஒரு நடைமுறை என்றால் அது பாகுபாடுதான், எந்த நூலை எடுத்துக் காட்டினாலும்.

சிலைகளை உடைப்பது மார்க்கக் கடமையா?

630இல் நபி மக்காவை வென்றபோது கஃபாவைச் சுற்றியிருந்த விக்கிரகங்களை அகற்றினார். இப்ராஹீம் நபி ஏக இறைவனுக்காகக் கட்டிய வீட்டை மீட்டதாகவே முஸ்லிம்கள் அதைப் பார்க்கிறார்கள். அடுத்தவரின் ஆலயத்துக்குள் போய் உடைக்க அது அனுமதிச் சீட்டு அல்ல. 6:108 இன்னும் தெளிவு: அவர்கள் வணங்குபவற்றைத் திட்டாதீர்கள். திட்டவே கூடாது என்றால் உடைப்பதைப் பற்றி என்ன பேச்சு?

ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் ஆயிரத்துச் சொச்சம் வருடம் முஸ்லிம்களின் நடுவே நின்றவை. 2001இல் தலிபான் தகர்த்தது. பல நாட்டு முஸ்லிம் அறிஞர்கள் வேண்டாம் என்று சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. இந்தியாவில் முஸ்லிம் மன்னர்கள் கோயில்களை இடித்ததும் நடந்தது, சில கோயில்களுக்கு மானியம் கொடுத்ததும் நடந்தது. கோணேசர் கோயிலை 1622இல் இடித்தது போர்த்துக்கேயர். அதைச் சொல்லி இதிலிருந்து தப்ப நான் வரவில்லை. இடித்தவன் யாராக இருந்தாலும் இடிபட்டவரின் வலி ஒன்றுதான் என்பதைத் திருகோணமலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை.

மதத்தை விட்டுப் போனால் கொல்ல வேண்டும் என்பது உண்மையா?

பழைய நான்கு மத்ஹபுகளும் மதம் மாறிய ஆணுக்கு மரண தண்டனை என்றே எழுதின. ஆதாரம் "தன் மார்க்கத்தை மாற்றியவனைக் கொல்லுங்கள்" என்ற ஹதீஸ். இல்லை என்று சொல்பவர் நூல்களைத் திறந்து பார்க்கவில்லை.

ஆனால் அந்த நூல்களுக்குள்ளேயே விரிசல் இருக்கிறது. ஹனபிகள் பெண்ணைக் கொல்லக்கூடாது என்றார்கள். காரணம், பெண் போரிடுபவள் அல்ல. அப்படியென்றால் தண்டனை நம்பிக்கை மாறியதற்கா, எதிரிப் படையில் சேர்வதற்கா? ஆரம்ப கால அறிஞர்களில் இப்ராஹீம் நகயீயும் ஸுப்யான் தவ்ரீயும் அப்படிப்பட்டவரைக் காலமெல்லாம் திருந்தச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்றதாகப் பதிவு. குர்ஆனில் மதம் மாறுவதைக் கண்டிக்கும் வசனங்கள் பல உண்டு, இவ்வுலகில் கொல்லச் சொல்லும் வசனம் ஒன்றுகூட இல்லை. மக்காவாசிகளோடு செய்த ஹுதைபியா உடன்படிக்கையில், மதீனாவை விட்டு மக்காவுக்குத் திரும்பிப் போகிறவரைத் திருப்பித் தர வேண்டாம் என்ற நிபந்தனையை நபி ஏற்றார்.

20ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அல் அஸ்ஹர் கல்விக்கூடத்தின் தலைவராக இருந்த மஹ்மூத் ஷல்தூத், நம்பாமை மட்டும் ஒருவரின் உயிரை ஹலாலாக்காது என்று எழுதினார். தாஹா ஜாபிர் அல் அல்வானி இதற்கென்றே தனி நூல் எழுதி மறுத்தார். சூடான் 2020இல் அந்தத் தண்டனையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. இன்னும் எடுக்காத நாடுகளும் இருக்கின்றன. என் நிலைப்பாடு ஷல்தூத் பக்கம். மனம் ஒப்பாமல் பள்ளியில் நிற்பவனின் தொழுகையால் யாருக்கு என்ன லாபம்? எங்கள் நூல்களே அவனை முனாபிக் (நயவஞ்சகன்) என்றல்லவா சொல்கின்றன.

இலங்கையில் இது பேச்சுக்கே இல்லை. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தான் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்கவோ ஏற்கவோ எவருக்கும் உரிமை தருகிறது. வழிபடும் உரிமையை, 14ஆம் உறுப்புரையில் உள்ளதை, சில காரணங்களுக்காகச் சட்டம் மட்டுப்படுத்தலாம். 10ஐ மட்டுப்படுத்த வழி வைக்கவில்லை.

பாகிஸ்தானில் நடப்பது இஸ்லாம் இல்லையா?

நடப்பது இஸ்லாத்தின் பெயரில்தான். 1948இல் உலக மனித உரிமைப் பிரகடனம் ஐ.நா.வில் வந்தபோது, மதம் மாறும் உரிமையைக் காரணம் காட்டி சவூதி வாக்களிக்காமல் ஒதுங்கியது. பாகிஸ்தானின் வெளிநாட்டு அமைச்சர் ஸபருல்லா கான் அதே உரிமையை ஆதரித்துப் பேசினார். அவர் தங்களை முஸ்லிம் என்று சொல்லும் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974இல் அதே பாகிஸ்தான் அஹ்மதியாக்களை முஸ்லிமல்லாதவர் என்று அரசியலமைப்பில் எழுதியது. 1984இல் அவர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்வதே குற்றமாயிற்று. 1986இல் நபியை நிந்தித்தால் மரணம் என்ற பிரிவு வந்தது. ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண்ணுக்கு 2010இல் மரண தண்டனை, 2018இல் உச்ச நீதிமன்றம் விடுதலை. இடையில் அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தஸீர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இது மார்க்கம் அல்ல, அரசியல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆளுநரைக் கொன்றவனுக்குப் பூ தூவியவர்கள் சட்டத்தரணிகள். அவர்களுக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்ததில் மிம்பர்களுக்கும் (பள்ளிவாசல் பிரசங்க மேடைகளுக்கும்) பங்கு உண்டு.

மலேசியாவில் தமிழர்களுக்கு என்ன பிரச்சினை?

அங்கே இஸ்லாம் நாட்டின் மதம், மற்ற மதங்களையும் பின்பற்றலாம். தைப்பூசத்துக்கு பத்துமலையில் திரளும் கூட்டம் எல்லோருக்கும் தெரியும். சிக்கல் வருவது குடும்பத்துக்குள் ஒருவர் மதம் மாறும்போது. இந்திரா காந்தி என்ற இந்துத் தாயின் கணவர் 2009இல் முஸ்லிமாகி, மனைவிக்குத் தெரியாமல் பிள்ளைகளையும் மாற்றி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். 2018இல் கூட்டரசு நீதிமன்றம், தாய் தந்தை இருவரின் சம்மதமும் இல்லாத அந்த மதமாற்றம் செல்லாது என்றது. தீர்ப்பு வந்த பிறகும் அந்தத் தாய் மகளைத் தேடி அலைய வேண்டியிருந்தது. 2:256 இறங்கிய சூழலை மேலே சொன்னேனே, இது அதற்கு நேர் மாறான காட்சி.

மகள் வீட்டு வேலைக்கு சவூதி போகிறாள். சாமி படம் கொண்டுபோகலாமா? மதம் மாறச் சொல்வார்களா?

திருகோணமலையில் இந்தக் கேள்விக்குத்தான் உடனடிப் பயன் அதிகம். வளைகுடா என்று ஒரே பெயரில் சொன்னாலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

சவூதியில் பிற மதங்களின் பொது வழிபாடு அனுமதிக்கப்படுவதில்லை. கோயிலும் இல்லை, தேவாலயமும் இல்லை. மக்காவுக்குள் முஸ்லிமல்லாதவர் போக முடியாது. அறைக்குள் தனியே கும்பிடுவதைப் பொதுவாக யாரும் தேடி வருவதில்லை. ஆனால் பெரிய படம், சிலை, கட்டுக்கட்டாக மதப் புத்தகம் என்று கொண்டுபோனால் விமான நிலையத்தில் எடுத்துவிடலாம். எமிரேட்ஸ் வேறு. டுபாயில் ஜெபல் அலியில் 2022இல் புதுக் கோயில் திறந்தது. அபுதாபியில் 2024 பெப்ரவரியில் பெரிய கல் கோயில் ஒன்று திறக்கப்பட்டது. பஹ்ரைன் மனாமாவில் 200 வருடம் பழைய கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. ஓமான் மஸ்கட்டிலும் கோயில்கள் உண்டு. கட்டாரில் 2008இலிருந்து தேவாலயங்களுக்கு ஒரு வளாகம் உண்டு. முஸ்லிம்களிடம் வேறு மதத்தைப் பிரசாரம் செய்வது பெரும்பாலான இடங்களில் குற்றம். நோன்பு மாதத்தில் பகலில் வெளியே சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்லி அனுப்புங்கள்.

மதம் மாறச் சொல்லி வற்புறுத்தினால்? அன்பாக அழைப்பது வேறு. சம்பளத்தையோ கடவுச்சீட்டையோ பிடித்து வைத்துக்கொண்டு கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொல்ல வைப்பது வேறு. பலவந்தத்தில் சொன்ன கலிமா செல்லாது என்பது எங்கள் சட்ட நூல்களிலும் உள்ள விடயம். அப்படி நடந்தால் தூதரகத்துக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் அறிவியுங்கள். மகள் புறப்படும் முன் இரண்டின் தொலைபேசி இலக்கங்களையும் அவளுக்கு மனப்பாடமாக்கிவிடுங்கள்.

என் மகன் முஸ்லிமாகிவிட்டான். இனி அவன் எங்களைப் பார்க்கக் கூடாதா?

யார் சொன்னது, ஐயா? 31:15 இணைவைக்கச் சொல்லும் பெற்றோருக்கு அந்த ஒரு விடயத்தில் கட்டுப்பட வேண்டாம், ஆனால் உலக வாழ்வில் அவர்களோடு நல்லபடி நடந்துகொள் என்கிறது. நபியின் காலத்தில் முஸ்லிமான அஸ்மா என்ற பெண்ணின் தாய் விக்கிரக வணக்கத்தவர். அவரை வரவேற்கலாமா என்று அஸ்மா கேட்டபோது, தாயோடு உறவைப் பேணிக்கொள் என்றார் நபி. மகன் வீட்டுக்கு வராமல் இருந்தால் அது அவனது குணம், அல்லது அவனைச் சுற்றி உள்ளவர்களின் குணம்.

சொத்து விடயத்தில் கவனம் தேவை. இஸ்லாமியச் சட்டப்படி முஸ்லிமும் முஸ்லிமல்லாதவரும் ஒருவருக்கொருவர் வாரிசாக மாட்டார்கள். இலங்கையில் முஸ்லிமின் சொத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தும் என்பதால், மகன் மரண சாசனம் எழுதாமல் காலமானால் இந்துப் பெற்றோருக்கு வாரிசுப் பங்கு வராது. உயிரோடிருக்கும்போது நன்கொடை எழுதலாம், மார்க்கப்படி மூன்றில் ஒரு பங்குக்குள் மரண சாசனம் எழுதலாம். அப்புறம் அடக்கம். எரிப்பதா புதைப்பதா என்று பிரேதத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரு குடும்பமும் வாதாடுவதைவிட மோசமானது இல்லை. மாறியவர் தன் விருப்பத்தை எழுத்தில் வைத்து, பெற்றோரிடமும் காட்டிவிடட்டும்.

நீங்கள் சிறுபான்மையாக இருக்கும்போது உரிமை கேட்கிறீர்கள். பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் கொடுக்கிறீர்களா?

குத்தும் கேள்வி, ஆனால் நியாயமான கேள்வி. 2020இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களை எரித்தார்கள். பிறந்து 20 நாளான குழந்தையைக்கூட. புதைப்பதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும் 2021 பெப்ரவரி வரை நீடித்தது, பிறகும் ஓட்டமாவடியில் மட்டும்தான் அடக்கம். 2024இல்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த தமிழர் பேரணி எங்கள் ஜனாஸாவையும் தன் கோரிக்கையில் சேர்த்தது. 2018இல் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயாவுக்கு எதிர்ப்பு எழுந்தபோது, மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் உடை உரிமையை ஏற்றது. இரண்டிலும் நாங்கள் சாய்ந்தது மத சுதந்திரம் என்ற தூணில்.

அதே தூண் மற்றவருக்கும் பொது. முஸ்லிம் பாடசாலையில் கற்பிக்கும் இந்து ஆசிரியை பொட்டு வைத்து, சேலை கட்டி வரலாம், அவரிடம் தலையை மூடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. முஸ்லிம் கிராமத்தின் நடுவே உள்ள சிறு கோயிலின் திருவிழாவுக்குப் பாதை விட வேண்டும். முஸ்லிம்களுக்குள்ளேயே வேறு கொள்கை வைத்திருக்கும் பள்ளிவாசலைத் தாக்கக் கூடாது. இந்தக் கடைசி விடயத்தில் கிழக்கில் எங்கள் வரலாறு சுத்தமானது அல்ல. ஸூபிகளின் இடங்கள் எங்கள் ஆட்களாலேயே தாக்கப்பட்டிருக்கின்றன. 5:8 ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புக்கூட உங்களை அநீதிக்குத் தூண்ட வேண்டாம் என்கிறது. ஜும்ஆவில் அந்த வசனத்தை ஓதிவிட்டு அடுத்த தெருவில் மறந்துவிடுகிறோம்.

2019 ஈஸ்டர் நாளில் இலங்கையில் நடந்த தாக்குதலுக்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டா?

இல்லை. ஆராதனையில் இருப்பவரைக் கொல்வதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. அந்தத் தாக்குதலுக்குப் பொறுப்பேற்ற ஐ.எஸ். 2014இல் ஈராக்கின் சிஞ்சாரில் யசீதிகள் என்ற சிறு மதத்தவரை அழித்தபோது 126 முஸ்லிம் அறிஞர்கள் அதன் தலைவனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். கிறிஸ்தவரைத் தொடக்கூடாது, யசீதிகளையும் வேதக்காரராகவே கருத வேண்டும் என்று அதில் இருந்தது. 2016 ஜனவரியில் மொரோக்கோவின் மராக்கெஷில் கூடிய அறிஞர்கள் மதீனா உடன்படிக்கையை அடிப்படையாக வைத்து, முஸ்லிம் நாடுகளில் உள்ள சிறுபான்மையினருக்குச் சமமான குடியுரிமை வேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள். நல்லது. சட்டமாகும் வரை அது பிரகடனம்தான்.

கிண்ணியாவிலோ மூதூரிலோ எங்கள் வழிபாட்டுக்கு இடைஞ்சல் வந்தால் என்ன செய்வது?

முதலில் அந்த இடத்துப் பள்ளிவாசல் நிர்வாக சபையோடு பேசுங்கள், தனியே போகாமல் உங்கள் கோயில் நிர்வாகத்தில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. பெரும்பாலான சிறு தகராறுகள் அங்கேயே முடியும். முடியாவிட்டால் பொலிஸில் முறைப்பாடு போட்டு இலக்கத்தை வாங்குங்கள். வழிபாட்டுத் தலத்தைச் சேதப்படுத்துவதும் வழிபாட்டைக் குழப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். மத வெறுப்பைத் தூண்டினால் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் இருக்கிறது.

அரச அதிகாரியே உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு. 126ஆம் உறுப்புரைப்படி சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், இந்தக் கெடுவைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கெடுவில் சேராது. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் உண்டு. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், சட்டத்தரணி தேவையில்லை. கொடுத்த முறைப்பாட்டின் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.